போரிட்டவர், போரிடாதவர்: ‘முன்னாள் படைவீரர்’ என்ற சொல்லுக்குள் ஒரு வரலாறு

 நினைவுச் சொற்பொழிவு மேடைகளில் இலக்கியமோ கோட்பாடோ பேசுவது நமது வழக்கம். நான் இன்று ஓர் அரசு விதியைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் அந்த விதியில் வருகிற ஒரே ஒரு சொல்லின் வரையறையை. ‘முன்னாள் படைவீரர்’ என்ற சொல் அது.

அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் படிவங்களில் நீங்கள் எல்லோரும் இந்தக் கட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். “முன்னாள் படைவீரரா? ஆம் / இல்லை.” பெரும்பாலோர் இல்லை என்று குறித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்த ‘ஆம்’ என்பதற்குப் பின்னால் ஏராளமாக இருக்கிறது. மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் 10 விழுக்காடும் முன்பு டி பிரிவாக இருந்த பணிகளில் 20 விழுக்காடும் ஒதுக்கீடு, வயது வரம்பில் தளர்வு, மிலிட்டரி கேன்டீன், 2003 முதல் தனி மருத்துவத் திட்டம், பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, தரிசு நில ஒப்படையில் முன்னுரிமை. ஊரில் ‘பட்டாளத்தார் வீடு’ என்று ஒரு வீட்டைச் சொல்வார்களே, அந்த வீட்டுக்கு இருக்கும் மரியாதையில் பாதி இந்தக் கட்டத்திலிருந்து வருவதுதான்.

மத்திய அரசின் விதி இந்தச் சொல்லை எப்படி வரையறுக்கிறது? இந்திய ஒன்றியத்தின் படைகளில் எந்தத் தரநிலையிலும், போரிடுபவராகவோ போரிடாதவராகவோ பணியாற்றிய ஒருவர் என்று அது தொடங்குகிறது. அதன் பிறகு நிபந்தனைகள் வருகின்றன. வழக்கறிஞர்கள் அந்த நிபந்தனைகளைத்தான் படிப்பார்கள், வழக்குகளும் அங்கிருந்துதான் வருகின்றன. என் கண் நிற்பது அதற்கு முந்தைய இடத்தில்: ‘போரிடுபவராகவோ போரிடாதவராகவோ’. இவ்வளவு சாதாரணமாக அடைப்புக்குறிக்குள் வைக்கப்பட்டிருக்கும் இந்தச் சொற்களுக்குள்தான் பட்டாளத்தில் நம்மவர்கள் கடந்துவந்த ஒன்றரை நூற்றாண்டு இருக்கிறது என்பது என் வாதம்.

கும்பெனிப் பட்டாளத்திலிருந்து தொடங்குவோம். 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் நடந்த சண்டையைப் பற்றி இந்த அரங்கில் விளக்கத் தேவையில்லை. அங்குள்ள தூணில் இறந்த சிப்பாய்களாகப் பொறிக்கப்பட்ட 49 பெயர்களில் 22 பெயர்கள் ‘நாக்’ என்று முடிவதை வைத்து அவர்கள் மகார்கள் என்று அடையாளம் காண்கிறோம். அன்று அந்த பம்பாய்ப் படையோடு நின்ற பீரங்கிகள் சென்னைப் பட்டாளத்துடையவை. சென்னைப் பட்டாளத்திலும் தொடக்கத்திலிருந்தே பறையர்கள் இருந்தார்கள். குறிப்பாக மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று பெயர் பெற்ற பொறியியல் படையில் அவர்கள் கணிசமாக இருந்தார்கள். சீனம், அபிசீனியா, எகிப்து, பர்மா என்று அந்தப் படை போகாத இடம் குறைவு. பெங்களூர் அல்சூரில் இன்றும் அதன் மையம் இருக்கிறது; அதன் வீரர்களை இன்றும் ‘தம்பி’ என்றே பிற படையினர் அழைக்கிறார்கள்.

பட்டாளம் எதைக் கொடுத்தது? சம்பளத்தைவிடப் பெரிதாக இரண்டு கொடுத்தது. ஒன்று பள்ளிக்கூடம். சிப்பாய்களுக்கும் அவர்களுடைய ஆண், பெண் பிள்ளைகளுக்கும் கும்பெனிப் பட்டாளத்தில் கல்வி கட்டாயமாக இருந்தது என்பதை அம்பேத்கர் அழுத்திச் சொல்லியிருக்கிறார். மற்றொன்று பென்ஷன். அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார் மேஜர். மாவ் ராணுவக் குடியிருப்பில் பட்டாளப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அங்கேதான் 1891இல் அம்பேத்கர் பிறந்தார். தந்தை ஓய்வுபெற்றபோது மாதம் 50 ரூபாய் பென்ஷன். ஊர்ச்சேவகத்துக்குக் கூலியாகத் தானியமும் இறந்த மாடும் வாங்கிக்கொண்டிருந்த ஒரு சமூகத்தில், யார் வாசலிலும் போய் நிற்காமல் மாதாமாதம் பணமாக வந்த 50 ரூபாய் என்ன பொருள் கொண்டது என்று யோசித்துப் பாருங்கள். தபோலியில் ஓய்வுபெற்ற மகார் சிப்பாய்களின் ஒரு குடியிருப்பே இருந்தது. அந்த வட்டாரத்திலிருந்து படித்தவர்களும் எழுதியவர்களும் கிளம்பியது தற்செயல் இல்லை.

ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பென்ஷன் உரிமை இல்லை, தயவு. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் பென்ஷன் தொடர்பான வழக்குகளைச் சிவில் நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தடுத்தது. கலெக்டரின் சான்று இருந்தால் மட்டுமே வழிவிட்டது. தயவாகக் கொடுக்கப்படுவதை யாருக்குக் கொடுப்பது என்பதையும் கொடுப்பவரே முடிவு செய்வார். அடுத்த இருபது ஆண்டுகளில் அது நடந்தது.

1881 முதல் 1885 வரை சென்னைப் பட்டாளத்தின் தளபதியாக இருந்தவர் ராபர்ட்ஸ். பின்னர் 1893 வரை இந்தியா முழுமைக்கும் அவரே தலைமைத் தளபதி. நீண்ட அமைதியில் தென்னிந்தியர்கள் போர்க்குணத்தை இழந்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். ‘போர்ச் சாதிகள்’ என்ற கோட்பாடு அவர் காலத்தில்தான் ஆள்சேர்ப்புக் கொள்கையாக இறுகியது. சென்னைப் படைப்பிரிவுகள் சுருக்கப்பட்டன. 1892-93இல் படைப்பிரிவுகள் சாதிவாரியாக மாற்றி அமைக்கப்பட்டபோது மகார்களைச் சேர்ப்பது அடியோடு நிறுத்தப்பட்டது. கலப்பான படைப்பிரிவில் தீண்டத்தகாத சுபேதாருக்கு மேல்சாதிச் சிப்பாய் சல்யூட் வைக்க வேண்டியிருந்தது. சாதிக்கு ஒரு படைப்பிரிவு என்றானதும் அந்தச் சங்கடம் தீர்ந்தது. இதே 1892இல்தான் சென்னை மாகாணத்தில் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. ஒரு கையால் நிலம், இன்னொரு கையால் கதவடைப்பு. ஒரே ஆட்சிதான். அந்த நிலம் பிறகு என்னவானது என்பது வேறு ஒரு சொற்பொழிவுக்கான பொருள்.

இங்கே கவனிக்க வேண்டியது, பென்ஷன் விதியில் ஒரு சொல்லும் மாறவில்லை என்பது. ஓய்வுபெற்றவர்களுக்குப் பென்ஷன் தொடர்ந்தது. புதிதாக ஆள் எடுக்கவில்லை, அவ்வளவுதான். இருபது, முப்பது ஆண்டுகளில் அந்தப் பென்ஷன்காரர்கள் ஒவ்வொருவராக இறந்தபோது ஒரு வர்க்கமே காலியானது.

அந்த நாள் மனுக்கள் இதைப் புரிந்துகொண்டவர்களால் எழுதப்பட்டவை. ஓய்வுபெற்ற ஹவில்தாரான கோபால் பாபா வலங்கர் 1894இல் மகார்களை மீண்டும் சேர்க்கக் கோரி ஒரு மனு தயாரித்தார். தாங்கள் ஒரு காலத்தில் சத்திரியர்களே என்பது அவருடைய நிலைப்பாடு. பட்டாளத்தில் தன் கண்முன்னே உழைத்த ஒருவர், சேவைப் பதிவு போதாது என்று கருதிப் பழைய வர்ணத்தையும் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது. 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே இந்தியாவுக்கான அமைச்சர் குரூ பிரபுவுக்கு மனு அனுப்பினார். பட்டாளத்திலும் போலீசிலும் கீழ்நிலை அரசு வேலைகளிலும் இடம் வேண்டும் என்பது கோரிக்கை. இந்த மனுக்களை ‘ராஜவிசுவாசம்’ என்று ஒதுக்குகிறவர்கள் இன்றும் உண்டு. அந்த 50 ரூபாய்க்கு மாற்றாக ஊரில் என்ன கிடைத்தது என்று அவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கதவு மூடியிருந்தாலும் பின்வாசல் திறந்தே இருந்தது. முதல் உலகப் போரில் 1919 முடிய இந்தியாவிலிருந்து சேர்க்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 14 லட்சம். அதில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சிப்பாய்கள் இல்லை. அவர்களைப் பட்டாளக் கணக்கு ‘ஃபாலோயர்’ என்று அழைத்தது. படைக்குப் பின்னால் வருகிறவன் என்று பொருள். தண்ணீர் சுமக்கும் பிஸ்தி, சமையற்காரர், குதிரைக்காரர், கோவேறு கழுதை ஓட்டுபவர், தூளி தூக்குபவர், துப்புரவாளர், கூலிப்படையினர். ஐந்தில் இரண்டு பேர். இந்த விகிதத்தை நம் பாடப்புத்தகங்களில் நான் பார்த்ததில்லை.

துப்புரவாளர் வேலைக்கு எந்தச் சாதிகளிலிருந்து ஆள் எடுத்தார்கள் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. துப்பாக்கி பிடிக்கத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்ட அதே சாதிகளுக்கு, அதே போர்முனையில், அதே குண்டுக்கு அடியில் மலம் அள்ளவும் பிணம் தூக்கவும் தகுதி இருந்தது. ஃபாலோயர்களுக்குள்ளும் மேல்நிலை, கீழ்நிலை என்று பிரிவு உண்டு. மெசபடோமியாவில் தண்ணீர் கொண்டுபோகிறவர் சுடப்பட்டால் அவரும் சாவார்தான். ஆனால் அவருடைய சம்பளமும் காயத்துக்கான பென்ஷனும் குடும்பத்துக்குக் கிடைப்பதும் சிப்பாய்க்குக் கிடைப்பதைவிடக் குறைவு. ஆள் கிடைக்காமல் திணறிய 1917இல்தான் அரசு அவற்றைக் கொஞ்சம் உயர்த்தியது. ஆபத்து எல்லோருக்கும் ஒன்றாக இருக்க, ஈட்டுத்தொகை மட்டும் ஏன் வேறுபட்டது என்றால், உயிரின் விலை பார்த்த வேலையின் பெயரால் தீர்மானிக்கப்பட்டது. வேலையின் பெயரோ சாதியால் தீர்மானிக்கப்பட்டது.

இறந்த பிறகும் இது நீடித்தது. பாஸ்ராவில் உள்ள நினைவுச்சின்னத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கை மட்டுமே. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரிலும் தொழிலாளரிலும் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதாகவும், குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் இந்த எண்ணிக்கையே வெளிவந்தது. பெயர் இல்லாதவருடைய பேரன் எந்த அலுவலகத்தில் போய் எதை நிரூபிப்பான்?

போரின் நெருக்கடியில் 1917இல் 111வது மகார் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. 1921இல் கலைக்கப்பட்டது. துப்பாக்கியோடு மண்வெட்டியும் சுமந்து பாதை போட்ட பயனியர் படைகள் என்று ஒரு வகை இருந்தது. வடக்கே மஜபி சீக்கியர்களின் பயனியர்கள், இங்கே சென்னைப் பயனியர்கள். 1930களின் தொடக்கத்தில் செலவைக் காரணம் காட்டி அவையும் கலைக்கப்பட்டன. நெருக்கடியில் தொடங்குவது, முடிந்ததும் கலைப்பது. இரண்டாம் உலகப் போரில் மறுபடி அதேதான். 1941 ஜூலையில் அம்பேத்கர் வைசிராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றார். அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று பெல்காமில் மகார் ரெஜிமெண்ட் தொடங்கப்பட்டது. அது இன்றும் இருக்கிறது. 1943 மார்ச் 1 அன்று சமார் ரெஜிமெண்ட் தொடங்கப்பட்டது. கோஹிமா முனையில் ஜப்பானியரோடு சண்டையிட்டது. 1946 டிசம்பரில் கலைக்கப்பட்டது. கலைக்கப்பட்ட படைப்பிரிவின் சிப்பாய்க்குப் பின்னாளில் சான்று கேட்டு எழுதச் சொந்தமாக ஒரு ரெஜிமெண்ட் மையம் கிடையாது, ஆண்டுவிழா கிடையாது, அருங்காட்சியகம் கிடையாது. சமார் ரெஜிமெண்டை மீண்டும் தொடங்க வேண்டும் என்ற கோரிக்கை வட இந்தியத் தலித் மேடைகளில் இன்றுவரை எழுவதை வெறும் பெருமைக்கான கோரிக்கையாக நான் பார்ப்பதில்லை.

1945இல் போருக்குப் பிந்திய மறுவாழ்வுக்காக அரசு ஒரு நிதியை உருவாக்கியது. போரிடும் பிரிவினர் ஒவ்வொருவர் பேரிலும் மாதம் 2 ரூபாய், போரிடாத பிரிவினர் பேரில் மாதம் 1 ரூபாய் என்று ஒதுக்கப்பட்ட தொகை அதன் மூலதனம். இரண்டுக்கு ஒன்று. ஒரு துப்புரவாளரின் போர் ஒரு சிப்பாயின் போரில் சரிபாதி என்று அரசே கணக்குப் போட்டு எழுதிவைத்த ஆவணம் என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதே 1945 ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. அதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் குறை. படையிலிருந்து விடுவிக்கப்படும் லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக மறுவாழ்வு, வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் ஒன்று தொடங்கப்பட்டது. அது தொழிலாளர் துறையின் கீழ் வந்தது. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பு வகித்தவர் அம்பேத்கர். அந்த இயக்ககம் யாருக்காக என்று பாருங்கள்: படையிலிருந்து விடுவிக்கப்பட்டோர், போர் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்ட தொழிலாளர்கள், இருவருக்கும். ஆயுதத் தொழிற்சாலையில் இருந்தவரும் துப்பாக்கி பிடித்தவரும் ஒரே சாளரத்தில் பதிவு செய்யலாம். இந்தச் சொற்களை அம்பேத்கரே தேர்ந்தெடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் போரை ஒரு தொழிலாளர் பிரச்சினையாகப் பார்க்கும்போது வரையறை எவ்வளவு விரிகிறது என்பதற்கு அது எடுத்துக்காட்டு. 1948இல் அந்த அலுவலகங்கள் எல்லோருக்கும் திறக்கப்பட்டன. நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடித்ததும் வரிசையில் நிற்கிற ‘எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்’ அதுதான். பட்டாளத்துக்காரர்களுக்காகத் திறந்த கதவு அது.

இனி சுதந்திர இந்தியா. ‘போரிடுபவராகவோ போரிடாதவராகவோ’ என்ற சொற்கள் நமது விதிகளில் இடம்பெற்றது பெரிய மாற்றம். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு குறைந்தபட்சம் வரையறையிலிருந்து போனது. 1966 ஜூலைக்கு முன் விடுவிக்கப்பட்டோருக்கு இத்தனை ஆண்டு பணி என்ற நிபந்தனையும் இல்லை. ஒழுங்கீனத்துக்காகவோ திறமைக்குறைவுக்காகவோ வெளியேற்றப்படாதிருந்தால் போதும். பிறகு ஒவ்வொரு சில ஆண்டுகளுக்கும் வரையறை மாறியது. 1979 ஜூலைக்கும் 1987 ஜூனுக்கும் இடையே வெளிவந்தவர் குறைந்தது 6 மாதம் பணியாற்றியிருக்க வேண்டும். தானே கேட்டு வெளிவந்தால் 5 ஆண்டு. 1987 ஜூலை 1க்குப் பின் வெளிவந்தவர் பாதுகாப்புத் துறையின் பென்ஷன் பெறுபவராக இருக்க வேண்டும். அல்லது ஒப்பந்தக் காலம் முடிந்து, பணிக்கொடையோடு விடுவிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். சிப்பாய்க்குப் பென்ஷன் என்றால் 15 ஆண்டு. ஆக, ஒரே படையில் ஒரே வேலை செய்த இருவரில் யார் ‘முன்னாள் படைவீரர்’ என்பது அவர்கள் எந்தத் தேதியில் வீட்டுக்கு வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. சாதியின் இடத்தில் இப்போது காலண்டர். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

தேதியை வைத்துப் பிரிப்பதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பரில் நகாரா வழக்கில் சொன்னது முக்கியமானது. உயர்த்தப்பட்ட பென்ஷன் கணக்கு 1979இல் ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பின் ஓய்வுபெற்றோருக்கு மட்டும் என்று அரசு சொன்னது. பென்ஷன்காரர்கள் ஒரே வகுப்பினர், அவர்களை ஒரு தேதியால் இரண்டாக வெட்ட முடியாது, பென்ஷன் யாருடைய தயவும் இல்லை என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 1871இன் தயவு அங்கேயும் மறுக்கப்பட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு பென்ஷன் வட்டத்துக்குள் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு உதவியது. வட்டத்துக்கு வெளியே நிற்பவரை அது உள்ளே அழைத்துவரவில்லை.

குடும்பத்தின் வரையறையில் சாதி எப்படி ஒளிந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தரைப்படையின் 1961ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளில், மறுமணம் செய்துகொண்டால் விதவையின் சிறப்புக் குடும்பப் பென்ஷன் நின்றுவிடும். ஒரு விலக்கு உண்டு. இறந்த கணவரின் சகோதரனை மணந்து, மற்ற வாரிசுகளையும் ஆதரித்துவந்தால் பென்ஷன் தொடரும். வீரப் பதக்கத்துக்கான மாதாந்திரத் தொகையிலும் இந்தச் சகோதரன் நிபந்தனை 1995 முதல் இருந்து, 2017 நவம்பரில்தான் நீக்கப்பட்டது. இந்த விலக்கு எங்கிருந்து வந்தது? அண்ணன் மனைவியைத் தம்பிக்குக் கட்டிவைப்பது பஞ்சாப், ஹரியானா பக்கத்து ஜாட் குடும்பங்களின் வழக்கம். நிலமும் பென்ஷனும் குடும்பத்தை விட்டுப் போகாமல் இருக்கும் வழி. ‘போர்ச் சாதி’களின் வீட்டு வழக்கம் அப்படியே இந்தியா முழுமைக்குமான விதியானது. நம் சேரிகளில் அறுத்துக்கட்டுதல் காலங்காலமாக உண்டு. விதவை தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு வாழலாம். சமூகம் அதை ஏற்றுக்கொண்டது. நம் பெண்கள் அனுபவித்த அந்தச் சுதந்திரத்துக்கு விதியில் இடமில்லை, தண்டனை மட்டும் இருந்தது.

இந்த வரையறைகளில் இன்னொரு வாசல் உண்டு: ‘ஒழுங்கீனம்’, ‘திறமைக்குறைவு’. பார்க்க நியாயமாகத் தெரியும். அமெரிக்காவில் இது எப்படிப் பயன்பட்டது என்று பார்ப்பது நமக்கு உதவும், ஏனென்றால் அங்கே நிறவாரியாகக் கணக்கு வைத்திருந்தார்கள். 1944இல் அந்த நாடு போரிலிருந்து திரும்புவோருக்குக் கல்லூரிப் படிப்பும் வீட்டுக்கடனும் தரும் சட்டம் கொண்டுவந்தது. அவமதிப்பாக வெளியேற்றப்பட்டவர் தவிர அனைவருக்கும் என்பது சட்டம். ஆனால் அங்கே நீல நிறத் தாளில் ஒரு விடுவிப்புச் சான்று இருந்தது; கௌரவமும் இல்லை, அவமதிப்பும் இல்லை என்ற இடைநிலை. 1941 டிசம்பருக்கும் 1945 ஜூனுக்கும் இடையே தரைப்படையில் நீலத்தாள் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். அந்தப் படையில் அவர்கள் இருந்ததோ 6.5 விழுக்காடு. நீலத்தாள்காரர்களுக்கு நலத்துறை சலுகைகளை மறுத்தது. சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இல்லை. மேலதிகாரியின் பேனாவில் இருந்தது. நம் நாட்டில் ‘திறமையான சிப்பாயாக ஆக வாய்ப்பில்லை’ என்று பயிற்சிக் காலத்திலேயே ஒருவரை அனுப்ப விதி இருக்கிறது. அதைச் சாதிவாரியாக எண்ணிப் பார்க்கும் வேலை பாக்கியிருக்கிறது.

படைவீரர் பென்ஷனுக்கு அருகிலேயே தியாகிகள் பென்ஷன் இருக்கிறது. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களைப் பிரிட்டிஷ் அரசு துரோகிகளாக வைத்தது. சுதந்திர இந்தியாவும் அவர்களைப் படையில் திரும்பச் சேர்க்கவில்லை. அந்த ராணுவத்தில் மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். தோட்டக் கூலிகளாகப் போனவர்களில் ஆதிதிராவிடர்கள் பெரும்பங்கு என்பது நாம் அறிந்தது. 1972 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய தியாகிகள் பென்ஷன் திட்டத்தில்தான் அந்த ராணுவத்தாரும் வந்தனர். 6 மாதச் சிறையோ தடுப்புக்காவலோ அளவுகோல். 1980இல் விரிவாக்கப்பட்ட திட்டத்தில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 3 மாதம் போதும் என்றார்கள். எல்லோருடைய தியாகமும் ஒரே அளவுகோலில் நிற்காது, தினக்கூலியின் மூன்று மாதச் சிறையும் நிலக்கிழாரின் ஆறு மாதச் சிறையும் வீட்டைப் பாதிப்பது ஒன்றல்ல என்று அரசு தன் விதியில் ஒப்புக்கொண்ட அரிய இடம் அது. ஆனால் சான்று? சிறைப் பதிவேடு, உடன் இருந்த கைதியின் சான்று. எழுதத் தெரியாதவருக்கு உடன் இருந்தவரும் எழுதத் தெரியாதவராகவே இருப்பார். 2001இல் குர்தியால் சிங் வழக்கில், இத்தகைய மனுக்களில் கிரிமினல் வழக்குபோல ஐயத்துக்கு இடமற்ற சான்று கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, பலர் உயிரோடு இல்லை.

கடைசியாக 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம். சிப்பாய்க்கு 4 ஆண்டுப் பணி. முடிவில் 25 விழுக்காடு வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவர். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயோடு வீட்டுக்கு வருவார்கள். இந்தத் தொகைக்கு ‘சேவா நிதி’ என்று பெயர். மாதச் சம்பளத்தில் 30 விழுக்காட்டைப் பிடித்து, அதற்குச் சமமாக அரசு போடுவது. பாதி அவருடைய சொந்தப் பணம். பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை, கேன்டீன் இல்லை, மருத்துவத் திட்டம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை என்று திட்டத்தின் நிபந்தனைகளே சொல்கின்றன.

இப்போது 1987க்குப் பிந்திய வரையறையைத் திரும்பப் படியுங்கள். ஒப்பந்தக் காலத்தை முடித்து, தானாகக் கேட்காமல் விடுவிக்கப்பட்டு, பணிக்கொடை பெற்றவர். அக்னிவீர் ஒப்பந்தக் காலத்தை முடிக்கிறார். தானாகக் கேட்டு வெளிவருவதில்லை. தடையாக நிற்பது ‘பணிக்கொடை’ என்ற ஒரு சொல். அதே பணத்துக்கு வேறு பெயர் வைத்ததும் அவர் வரையறைக்கு வெளியே போய்விடுகிறார். 1892இல் ஆள்சேர்ப்பை நிறுத்தினார்கள், பென்ஷன் விதியைத் தொடவில்லை. 2022இல் ஆள்சேர்ப்பு தொடர்கிறது, பென்ஷன் எட்டாத தூரத்தில் வைக்கப்படுகிறது. இதற்குப் பதிலாகத் துணை ராணுவப் படைகளில் ‘முன்னாள் அக்னிவீர்’களுக்கு 10 விழுக்காடு என்று 2022இல் புதிய பெயரில் புதிய வகுப்பு உருவாக்கப்பட்டது. வாய்ப்பு என்ற அளவில் அதை வரவேற்கலாம். வாழ்நாள் முழுவதுக்குமான தகுதியை ஒரு முறை போட்டியிடும் வாய்ப்பாக மாற்றியிருப்பதை நான் வரவேற்க மாட்டேன். ஊனமுற்றால் நிரந்தரச் சிப்பாய்க்கு ஆயுள் முழுக்க ஊனப் பென்ஷன். அக்னிவீருக்கு ஒரே தவணையில் ஒரு தொகை.

இது எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் பாதிக்கும் விஷயம்தானே, இதில் தலித் கேள்வி எங்கே என்று கேட்கலாம். படையில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு கிடையாது. முன்னாள் படைவீரர் ஒதுக்கீடோ எல்லா வகுப்புகளுக்குள்ளும் குறுக்காகச் செல்வது. பட்டியல் சாதி இடத்துக்குள்ளும் அது உண்டு. நிலமோ கடையோ இல்லாத வீட்டில் அந்தக் குறுக்கு ஒதுக்கீடு இரண்டாவது வேலைக்கான வழி. இன்னொன்றும் இருக்கிறது. அக்னிவீர் தொழிற்பிரிவில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்று இரண்டு வேலைகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மெஸ் கீப்பர் ஒன்று. ஹவுஸ் கீப்பர் மற்றொன்று. அந்தப் பெயருக்கு முன் அதை ‘சஃபாய்வாலா’ என்று அழைத்தார்கள்.

நம் வீடுகளில் தாத்தாக்களின் டிரங்குப் பெட்டிகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெயர், எண், படைப்பிரிவு, உயரம், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். ‘தொழில்’ என்று ஒரு கட்டமும் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது, எந்தத் தேதியில் வெளிவந்தார், என்ன காரணம் சொல்லி அனுப்பினார்கள் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைப் பிரதி எடுத்து இந்த அமைப்பின் தோழர்களிடம் கொடுங்கள். தாள்கள் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன.